எஞ்சின் எங்கே இருக்கிறது? மாட்டு வண்டியிலிருந்து பேரனின் வீடியோ கேம் வரை



தேன்கனிக்கோட்டையின் பழைய கோட்டையைப் பற்றி எழுதச் சொல்லிப் பலர் கேட்டிருந்தீர்கள். அது கட்டாயம் வரும். இன்று வேறு ஒரு வரலாறு. கார் பந்தய வீடியோ கேம் பற்றியது. "வாத்தியாருக்கு என்ன ஆச்சு?" என்று சிரிக்காதீர்கள். கொஞ்சம் நீளமான பதிவுதான், பொறுமையாகப் படியுங்கள். எனக்கு இதில் ஒரு பழைய கடன் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மே மாத விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்து மகளும் பேரனும் வந்திருந்தார்கள். பேரன் எட்டாம் வகுப்பு. வரும்போதே துணிப்பையை விடப் பெரிய பையில் அவனுடைய கேம் பெட்டியைக் கொண்டுவந்துவிட்டான். எங்கள் வீட்டு டிவியில் நான் செய்தி பார்க்கும் நேரம் அதோடு போயிற்று. நாள் முழுக்க "உய்ய்ங்" என்ற சத்தம். இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள், "இதுல என்னடா இருக்கு, இவ்வளவு நேரம் உக்காந்திருக்கே?" என்று கேட்டேன்.

"நீங்களே ஓட்டிப் பாருங்க தாத்தா" என்று கையில் கொடுத்துவிட்டான்.

விளையாட்டின் பெயர் கிரான் டூரிஸ்மோ. சிவப்பு நிறத்தில் ஒரு சின்னக் காரைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தான். டொயோட்டா எம்.ஆர்.2. பக்கத்தில் "எம்.ஆர்." என்று எழுதியிருந்தது. "எம்.ஆர்.எஃப். டயரா?" என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தான். "எம்.ஆர்.னா மிட் எஞ்சின், ரியர் வீல் டிரைவ் தாத்தா. எஞ்சின் நடுவுல இருக்கும், பின் சக்கரம் தள்ளும்."

ஓட்டினேன். முதல் வளைவில் கார் பம்பரம் போலச் சுற்றி நின்றது. இரண்டாம் வளைவிலும் அதேதான். பத்து முறை ஓட்டியிருப்பேன், பத்து முறையும் சுற்றல். பேரன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து நிதானமாகச் சொன்னான்: "வளைவுல பாதியில ஆக்சிலேட்டர விடாதீங்க தாத்தா. சட்டுன்னு விட்டா பின்பக்கம் சுத்திடும்."

என் கை அப்படியே நின்றுவிட்டது. கிட்டத்தட்ட இதே வார்த்தைகளை 1999இல் அஞ்செட்டி சாலையில் இன்னொருவன் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். அன்று நான் நம்பவில்லை.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. அடுத்த நாளிலிருந்து, பேரன் சொன்னதையும் புத்தகங்களில் கிடைத்ததையும் சேர்த்து, இந்த எஞ்சின் விஷயத்தைத் தேடிப் படித்தேன். அதைத்தான் எழுதுகிறேன்.

*முன்பாரம், பின்பாரம்*

எங்கள் அப்பாவிடம் இரட்டை மாட்டு வண்டி இருந்தது. ராகி மூட்டை ஏற்றிச் சந்தைக்குப் போவார். மூட்டை ஏற்றும்போது யாரையும் தொட விடமாட்டார். முன்னால் அதிகம் ஏற்றினால் முன்பாரம்: நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் அதிகம் ஏற்றினால் பின்பாரம்: நுகத்தடி மேலே தூக்கும், மேட்டில் வண்டி அண்ணாந்துவிடும். பாரம் இருசுக்கு மேலே, ஒரு பிடி முன்னால் இருக்க வேண்டும் என்பார். பள்ளிக்கூடம் போகாதவர், ஆனால் எடைப் பங்கீடு என்ற பாடம் அவருக்குக் கையில் இருந்தது.

காரில் மிகப் பெரிய மூட்டை எஞ்சின்தான். அதை எங்கே வைப்பது என்பதுதான் கார் வரலாற்றின் பெரிய கேள்விகளில் ஒன்று.

நம் அம்பாசடர் காரில் எஞ்சின் முன்னால். பழைய டவுன் பஸ்ஸிலும் முன்னால்தான். டிரைவர் பக்கத்தில் எஞ்சின் பெட்டி மேல் உட்கார்ந்து, சூடு தாங்காமல் நெளிந்துகொண்டே ஓசூர் போனவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஆட்டோவில் எஞ்சின் பின்னால். டாடா நானோவிலும் பின்னால். இரண்டு அச்சுகளுக்கும் நடுவே எஞ்சின் உட்கார்ந்திருந்தால் அது மிட் எஞ்சின், நடு எஞ்சின்.

நடுவில் வைத்தால் என்ன நன்மை? வகுப்பில் சொல்வது போலவே சொல்கிறேன். தோளில் ஒரு காவடித் தடி. இரண்டு முனையிலும் ஒவ்வொரு தண்ணீர்க் குடம். அப்படியே சட்டென்று திரும்பிப் பாருங்கள். திரும்பத் தொடங்குவதே கஷ்டம். திரும்பத் தொடங்கிவிட்டால் நிறுத்துவதும் கஷ்டம். இப்போது இரண்டு குடங்களையும் தோளுக்குப் பக்கத்தில் நகர்த்திக்கொள்ளுங்கள். எடை அதேதான். ஆனால் நொடியில் திரும்பிவிடலாம். நடு எஞ்சின் கார் இந்த இரண்டாவது காவடி. வளைவில் சொன்னவுடன் திரும்பும். ஆனால் அதே காரணத்தால், பிடி தவறினால் சுற்றுவதும் நொடியில்தான். எம்.ஆர்.2 என்னைப் பத்து முறை சுற்றியதன் ரகசியம் இவ்வளவுதான்.

*குதிரைக்குப் பின்னால் வண்டியா?*

பந்தயக் கார்களில் நடு எஞ்சினைப் பெரிய அளவில் முயன்றது 1934இல் ஜெர்மனியின் ஆட்டோ யூனியன். வடிவமைத்தவர் ஃபெர்டினாண்ட் போர்ஷே. ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் 16 சிலிண்டர் எஞ்சின். மற்ற கார்களில் பழகிய பல ஓட்டுநர்களுக்கு அது பிடிபடவில்லை. பின்பக்கம் எப்போது நழுவும் என்று தெரியவில்லை. அதை அடக்கியவர் பெர்ண்ட் ரோஸ்மேயர் என்ற இளைஞர். 1936இல் ஐரோப்பிய சாம்பியன் ஆனார். அவர் அதற்கு முன் மோட்டார் சைக்கிள் பந்தயக்காரர். கார் பந்தயத்தில் பழைய பழக்கம் எதுவும் இல்லை, அதனால் மறக்க வேண்டியதும் இல்லை என்று சொல்வார்கள். முப்பது வருடம் பாடம் நடத்தியவன் என்ற முறையில் இதை நான் அப்படியே ஒப்புக்கொள்கிறேன். புதிதாகக் கற்றுக்கொடுப்பதை விடத் தப்பாகப் பழகியதை மறக்க வைப்பதுதான் கடினம். 1938 ஜனவரியில் நெடுஞ்சாலையில் வேகச் சாதனை முயற்சியின்போது ரோஸ்மேயர் இறந்துபோனார்.

போருக்குப் பிறகு கதை இங்கிலாந்துக்கு நகர்கிறது. சர்பிட்டன் என்ற ஊரில் சார்லஸ் கூப்பர், மகன் ஜான் கூப்பர் என்று இருவர் கார் பட்டறை நடத்தினார்கள். 1946இல் மலிவாக ஒரு பந்தயக் கார் செய்ய நினைத்தார்கள். கையில் இருந்தது 500 சி.சி. மோட்டார் சைக்கிள் எஞ்சின். மோட்டார் சைக்கிளில் எஞ்சினுக்குப் பின்னால் செயின், செயினுக்குப் பின்னால் சக்கரம். அதே வசதிக்காக எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்துச் செயினால் பின் சக்கரத்தைச் சுற்ற வைத்தார்கள். பெரிய தத்துவம் எதுவும் கிடையாது, கையில் இருந்த பொருளுக்கு ஏற்ற வேலை.

ஆனால் அந்தச் சின்னக் கார் வளைவுகளில் பெரிய கார்களை விட நன்றாகத் திரும்பியது. கூப்பர்கள் விடவில்லை. அதே அமைப்பில் பெரிய கார் செய்தார்கள். 1958 ஜனவரியில் அர்ஜென்டினாவில் நடந்த ஃபார்முலா 1 பந்தயத்தில் ஸ்டிர்லிங் மாஸ் கூப்பர் காரில் வென்றார். அடுத்த இரண்டு ஆண்டுகளும், 1959, 1960, கூப்பர் காரில் ஜாக் பிரபாம் உலக சாம்பியன்.

குதிரைதான் வண்டியை இழுக்க வேண்டும், தள்ளக் கூடாது என்று என்ஸோ ஃபெராரி பிடிவாதமாக இருந்ததாகச் சொல்வார்கள். 1961இல் அவரும் எஞ்சினை நடுவுக்கு மாற்றினார், அந்த ஆண்டு சாம்பியன் பட்டம் ஃபெராரிக்கு. அதோடு முன் எஞ்சின் பந்தயக் கார்களின் காலம் ஏறத்தாழ முடிந்தது.

*சோழவரமும் கோயம்புத்தூரும்*

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை, நமக்கென்ன என்று கேட்பீர்கள். நமக்கும் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் விமான ஓடுதளம் அமைத்தார்கள். போர் முடிந்ததும் விமானங்கள் போய்விட்டன, தளம் மட்டும் கிடந்தது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்தியது. என் ஆசிரியர் பயிற்சி நண்பர் ஒருவர் அம்பத்தூர்க்காரர். அவர் அழைத்துப் போக, நானும் ஒரு முறை வெயிலில் நின்று பார்த்திருக்கிறேன். காதும் கண்ணும் நிறையத் தூசி. என்ன கார், எந்த எஞ்சின், ஒன்றும் தெரியாது. சத்தம் மட்டும் நினைவிருக்கிறது. பிறகு அந்தக் கிளப் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாகத் தடம் கட்டியது. 1990 முதல் பந்தயங்கள் அங்கே.

அந்தக் காலத்தில் பந்தயம் பணக்காரர் விளையாட்டு. வெளிநாட்டுக் கார் வேண்டும், உதிரிபாகம் வேண்டும். இதை மாற்ற நினைத்தவர் கோயம்புத்தூர் எஸ். கரிவரதன். லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தவர், அவரே பந்தய ஓட்டுநர். அவர் செய்தது என்ன தெரியுமா? நம் தெருவில் ஓடும் மாருதி 800 இருக்கிறதே, அதன் எஞ்சினை எடுத்து, ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஒன்றைச் செய்து, ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்தார். மாருதி 800இல் எஞ்சின் முன்னால் இருக்கும், முன் சக்கரத்தைச் சுற்றும். அதே எஞ்சினைப் பின்னால் கொண்டுபோனால் பின் சக்கரத்தைத் தள்ளும். வீட்டுக் கார் எஞ்சினில் நடு எஞ்சின் பந்தயக் கார் தயார். 1980களின் கடைசியில் வந்த இதற்கு ஃபார்முலா மாருதி என்று பெயர்.

கூப்பர்கள் மோட்டார் சைக்கிள் எஞ்சினை வைத்துச் செய்த அதே வேலை. டொயோட்டாவும் எம்.ஆர்.2இல் இதைத்தான் செய்தது. கொரோல்லா காரின் முன்பக்க எஞ்சினை இருக்கைக்குப் பின்னால் நகர்த்தி 1984இல் விற்பனைக்கு விட்டது. நாட்டுக்கு நாடு மாறினாலும் பட்டறைக்காரர் மூளை ஒன்றுதான்.

கரிவரதன் 1995இல் சிறிய விமானம் ஒன்று விழுந்து இறந்துபோனார். வயது 41தான். கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில்தான் இருக்கிறது. ஓசூர் பக்கத்துப் பிள்ளைகள் பலர் அந்தப் பெயரைக் கேட்டிருப்பீர்கள். "கரி" என்றால் அடுப்புக்கரி என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

அவர் செய்த கார் என்ன விளைவித்தது? கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 1993இல் ஃபார்முலா மாருதி ஓட்டினார். 2005இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா 1 ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அந்த ஆண்டு அமெரிக்கப் பந்தயத்தில் நான்காம் இடம். அன்று டயர்ப் பிரச்சினையால் ஆறு கார்கள்தான் ஓடின என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சென்னையின் கருண் சந்தோக்கும் 2000இல் ஃபார்முலா மாருதியில் தொடங்கி ஃபார்முலா 1 வரை போனவர்.

நரேன் பிறந்தது 1977. இந்த ஆண்டைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

*நழுவுவது ஒரு கலை*

இனி ஜப்பான். ட்ரிஃப்ட் என்று பேரன் சொல்வது அங்கே வளர்ந்தது. வளைவில் பின் சக்கரங்கள் பிடியை விட்டுப் பக்கவாட்டில் வழுக்கும். ஓட்டுநர் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பி, ஆக்சிலேட்டரை அளந்து கொடுத்து, அந்த வழுக்கலை விடாமல் பிடித்துக்கொண்டே வளைவைக் கடப்பார். 1970களில் குனிமிட்சு தகாஹாஷி என்ற பந்தய வீரர் இப்படி ஓட்டினார். அதைப் பார்த்து மலைப்பாதைகளில் பழகியவர் கெயிச்சி சுச்சியா. பின்னாளில் ட்ரிஃப்ட் ராஜா என்றே அவரை அழைத்தார்கள். ரோஸ்மேயர் போலவே தகாஹாஷியும் முதலில் மோட்டார் சைக்கிள் வீரர் என்பதைக் கவனியுங்கள்.

ட்ரிஃப்டுக்குப் பெரும்பாலும் எஞ்சின் முன்னால் இருக்கும், பின் சக்கரம் தள்ளும் காரைத்தான் எடுப்பார்கள். ஏனென்றால் அது மெதுவாக நழுவும், திருத்த நேரம் கொடுக்கும். நடு எஞ்சின் கார் நேரம் கொடுக்காது. 1989இல் வந்த இரண்டாம் தலைமுறை எம்.ஆர்.2 இதற்கே பெயர் எடுத்தது. வளைவில் பயந்துபோய்க் காலை எடுத்தவர்களைச் சட்டென்று சுற்றிவிட்டது. டொயோட்டா பின்னர் அதன் சஸ்பென்ஷனையும் டயரையும் மாற்ற வேண்டியதாயிற்று.

ஏன் காலை எடுத்தால் சுற்றுகிறது? பஸ் டிரைவர் பிரேக் போட்டால் நாம் முன்னால் சாய்கிறோம் இல்லையா? காரின் எடையும் அப்படித்தான் முன்னால் சாயும். பின் சக்கரத்தின் மேல் பாரம் குறையும். பாரம் குறைந்தால் டயரின் பிடியும் குறையும். நேர்ச் சாலையில் ஒன்றும் ஆகாது. வளைவில், ஈரத்தில், பின் டயர் தேய்ந்திருந்தால் பின்பக்கம் வெளியே ஓடிவரும். நடு எஞ்சின் வண்டி என்றால் அந்தச் சுற்றலைத் தடுக்க முனைகளில் எடை இல்லை. காவடிக் குடம் தோளருகில் இருப்பது நினைவிருக்கிறதல்லவா?

1997 டிசம்பரில் ஜப்பானில் வந்த கிரான் டூரிஸ்மோ விளையாட்டை உருவாக்கியவர் கசுனோரி யாமாவுச்சி. அதற்கு முந்தைய பல விளையாட்டுகளில் எல்லாக் கார்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஓடும், நிறம்தான் வேறு. இதில் எஞ்சின் முன்னால் இருக்கும் கார் ஒரு விதமாகவும், நடுவில் இருக்கும் கார் வேறு விதமாகவும் நடந்துகொண்டது. அதோடு காரைக் கழற்றி மாற்றும் வேலையையும் விளையாடுபவர் கையில் கொடுத்தார்கள். அதுதான் ட்யூனிங்.

பேரன் எனக்கு அதைத் திறந்து காட்டியபோது உண்மையில் அசந்துபோனேன். வண்டியின் உயரம், ஸ்பிரிங் கடினம், ஷாக் அப்சார்பர், சக்கரத்தின் சாய்வு, பிரேக் முன்னால் எவ்வளவு பின்னால் எவ்வளவு, இரண்டு பின் சக்கரங்களும் எவ்வளவு சேர்ந்து சுற்ற வேண்டும் என்பது வரை எண்கள். எம்.ஆர்.2ஐ எனக்காக அடக்கிக் கொடுத்தான். பின் ஸ்பிரிங்கைச் சற்று மென்மையாக்கினான், பின் டயர் தரையை விடாமல் பிடிக்குமாம். பின் சக்கரங்களின் முன் நுனிகளை லேசாக உள்நோக்கித் திருப்பினான், நேர்கோட்டில் நிலைத்து நிற்குமாம். பிரேக்கை முன்பக்கம் கூட்டினான். காலை எடுக்கும்போது இரண்டு பின் சக்கரங்களும் சேர்ந்தே சுற்றும்படி டிஃபரென்ஷியலை இறுக்கினான். ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பார்த்தான். இரண்டை ஒரே நேரத்தில் மாற்றவில்லை. "ரெண்டையும் மாத்தினா எது வேலை செஞ்சதுன்னு தெரியாது தாத்தா." அறிவியல் ஆசிரியர் சொல்ல வேண்டிய வாக்கியம்!

கடைசியாக ஒரு வரி இருந்தது. கூடுதல் எடை ஏற்றலாம், அந்த எடையை முன்னும் பின்னும் நகர்த்தலாம். "இது எதுக்குன்னு எனக்குச் சரியாப் புரியல" என்றான். நான் சொன்னேன்: "இது எனக்குப் புரியுதுடா. முன்பாரம், பின்பாரம்." அவன் கொள்ளுத்தாத்தாவின் ராகி மூட்டைக் கதையைச் சொன்னேன். எடையை முன்னால் நகர்த்திப் பார்த்தோம். வளைவுக்குள் முன் சக்கரம் நன்றாகக் கடித்தது. அன்று மாலைதான் முதல் முறையாக நான் சுற்றாமல் ஒரு சுற்று முடித்தேன்.

இந்த விளையாட்டிலிருந்து நிஜப் பந்தயத்துக்குப் போனவர்களும் உண்டு. நிசானும் சோனியும் சேர்ந்து 2008இல் ஜி.டி. அகாடமி என்று தொடங்கினார்கள். விளையாட்டில் வேகமாக ஓட்டுபவர்களைத் தேர்ந்தெடுத்து நிஜக் காரில் பயிற்சி கொடுத்தார்கள். 2011இல் வென்ற ஜான் மார்டன்பரோவின் கதை 2023இல் சினிமாவாகவும் வந்தது. 2014இல் இந்திய இளைஞர்களுக்கும் அந்தத் தேர்வு நடந்தது. கரிவரதன் ஒரு மாருதி எஞ்சினால் திறந்த கதவு, இப்போது ஒரு டிவி பெட்டியாலும் கொஞ்சம் திறந்திருக்கிறது.

*அஞ்செட்டி சாலை, 1999*

இப்போது கடனுக்கு வருகிறேன்.

நம் ஊரில் எல்லோரும் நடு எஞ்சின் வண்டியில் ஏறியிருக்கிறோம், தெரியாமலேயே. மாருதி ஆம்னி. 1984இல் மாருதி வேன் என்ற பெயரில் வந்தது. அதற்கு எஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியில். பின் சக்கரம் தள்ளும். பேரனின் விளையாட்டுக் கணக்கில் அதுவும் "எம்.ஆர்."தான். ஆனால் உயரமான, குறுகலான, மெல்லிய டயர் போட்ட எம்.ஆர்.

1999 அக்டோபர். அஞ்செட்டிப் பக்கம் சக ஆசிரியர் ஒருவர் வீட்டுக் கல்யாணம். நாங்கள் நான்கு பேர் வாடகை ஆம்னியில் கிளம்பினோம். ஓட்டியவன் என் பழைய மாணவன். பிறந்தது 1977. நரேன் பிறந்த அதே ஆண்டு. ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தான். நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கமெல்லாம் லாரியும் பஸ்ஸும் வரைவான். அதற்காக என்னிடம் அடியும் வாங்கியிருக்கிறான். வேன் சொந்தமில்லை, வேறு ஒருவருடையது. அவன் சம்பளத்துக்கு ஓட்டினான்.

இரவெல்லாம் மழை பெய்து காலையில் விட்டிருந்தது. தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டிக்குக் காட்டு வழி, இறக்கம், வளைவு மேல் வளைவு. நான் முன் இருக்கையில் அவன் பக்கத்தில். ஒரு வளைவில் பாதி திரும்பியிருக்கிறோம். மூங்கில் புதருக்குப் பக்கத்தில் கறுப்பாக, பெரிதாக ஏதோ தெரிந்தது. அந்தச் சாலையில் போனவர்களுக்கு அந்தப் பயம் புரியும். நான் கத்தினேன்: "டேய், யானைடா! நிறுத்து!"

அவன் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தான். பிரேக்கில் வைத்தான். வேனின் பின்பக்கம் எங்களை முந்திக்கொண்டு வந்தது. ஒரு முழுச் சுற்று. பிறகு பள்ளத்தில் சாய்ந்து நின்றது.

கறுப்பாகத் தெரிந்தது மழையில் நனைந்த பாறை.

நண்பர் ஒருவருக்குக் கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. வேனுக்கு நல்ல சேதம். வண்டியின் சொந்தக்காரர் வந்தார். என்னைக் கேட்டார், வாத்தியார் என்ற மரியாதையில். "வேகமாத்தான் வந்தான்" என்று சொன்னேன்.

அவன் என் முகத்தைப் பார்த்தான். "வேகமா வரல சார். வளைவுல கால எடுத்தேன், பின்னாடி சுத்திடுச்சு சார்" என்றான். அவ்வளவுதான். "நீங்க கத்தினீங்க" என்று சொல்லவே இல்லை. ஐந்தாம் வகுப்பு வாத்தியாரை எப்படிச் சொல்வான்?

"கால எடுத்தா வண்டி நிக்கும்டா, சுத்துமா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். அன்று மாலையே அவன் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டார்கள். ஊரில் "வேனைக் கவுத்தவன்" என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. வேறு யாரும் வண்டி கொடுக்கவில்லை. ஓசூர்ப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போனான் என்று கேள்விப்பட்டேன். அதற்கு மேல் நான் விசாரிக்கவில்லை.

அவன் சொன்னது உண்மை. ஈரச் சாலை, இறக்கம், தேய்ந்த டயர், இருக்கைக்கு அடியில் எஞ்சின், வளைவின் நடுவே திடீரென்று எடுத்த கால். அந்தக் காலை எடுக்க வைத்தது என் குரல். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து ஒரு பொம்மைக் கார் பத்து முறை சுற்றிக் காட்டித்தான் எனக்கு இது புரிந்தது.

பேரன் ஊருக்குப் போன மறுவாரம் அவனைத் தேடிப் போனேன். தேடுவது கடினமாக இல்லை. கம்பெனி வேலையை விட்டுப் பல வருடம் ஆகிறதாம். இப்போது தக்காளியும் ரோஜாவும் ஏற்றிப் போகிறான். தலை நரைத்துவிட்டது. "வாங்க சார், உக்காருங்க" என்று பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

சுற்றி வளைக்காமல் சொன்னேன். "அன்னிக்கு நீ வேகமா வரலப்பா. நான் கத்தினதுதான் காரணம். எல்லார் முன்னாடியும் உன் பேரக் கெடுத்தேன். மன்னிச்சிடு."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பின் டயர் ரெண்டும் மொட்டை சார். நான் ஓனர்ட்ட சொல்லியிருந்தேன்" என்றான். அவ்வளவு வருடமாக அந்த வளைவை அவனும் யோசித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான். "எங்கப்பா சாகற வரைக்கும் நான்தான் வேகமா ஓட்டினேன்னு நெனச்சாரு சார். வாத்தியாரே சொல்லிட்டாரேன்னு." இதை அவன் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வாசலில் அவனுடைய வண்டி நின்றது. டாடா ஏஸ். நம் ஊரில் குட்டி யானை. அதற்கும் எஞ்சின் இருக்கைக்கு அடியில்தான். கிளம்பும்போது அதைத் தட்டிக் காட்டிச் சொன்னான்: "அன்னிக்கு யானையப் பாத்து பயந்தீங்க. இப்ப நானே ஒண்ணு வெச்சிருக்கேன் சார்." இருவரும் சிரித்தோம். டீ குடிக்காமல் விடவில்லை.

அவன் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்றான். ஆனால் அன்று அந்த வேனில் வந்த மற்ற நண்பர்கள் இதைப் படிப்பார்கள். ஊரில் இன்னும் அந்தப் பெயரைச் சொல்பவர்களும் படிப்பார்கள். அவர்களுக்குச் சொல்கிறேன்: தவறு அவனுடையது அல்ல.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. ட்ரிஃப்ட் ஆசை இருந்தால் டிவியில் செய்யுங்கள், அல்லது செட்டிபாளையம், இருங்காட்டுக்கோட்டை போன்ற தடங்களில் முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள். அஞ்செட்டி சாலையிலும் ஓசூர் பைபாசிலும் வேண்டாம். விளையாட்டு என்பது சிலேட்டு மாதிரி. நூறு முறை தப்பாக எழுதி அழிக்கலாம். சாலை அப்படி அல்ல. ஆம்னி, குட்டி யானை ஓட்டும் தம்பிகள் மழைக்காலத்துக்கு முன் பின் டயரைப் பாருங்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் போய்க் காலைத் தூக்காதீர்கள்.

பக்கத்து இருக்கையில் உட்காருபவர்களுக்கும் ஒன்று. வளைவில் கத்தாதீர்கள்.

பெற்றோர்களே, பேரன் பேத்திகளின் விளையாட்டை ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். நேரக் கட்டுப்பாடு வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு கட்டுப்படுத்துங்கள்.

சோழவரம் பந்தயத்தை நேரில் பார்த்தவர்கள், ஃபார்முலா மாருதி ஓடியதைப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் உங்கள் நினைவுகளை எழுதுங்கள். அடுத்த பதிவில் கோட்டை, சத்தியமாக.